மத்தியானம் ரெண்டு மணிக்கு நின்றுபோகும் ஏசி

பாளையங்கோட்டையில் இருபது வருடத்துக்கு மேலாக ஏசி வேலை பார்க்கிறேன். சித்திரை பிறந்ததும் வருகிற போன்களில் பாதி இப்படித்தான் இருக்கும்: "அண்ணாச்சி, ஏசி ஓடுது, நிக்குது, பெறவு தானா ஓடுது. கேஸ் போடணும்னு சொல்லுதாங்க." நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எத்தனை மணிக்கு நிற்கிறது?

அந்த நேரத்திலேயே பாதி விடை இருக்கிறது. அதனால் யாரையும் கூப்பிடுவதற்கு முன் இரண்டு நாள் ஒரு தாளில் குறித்து வையுங்கள். நின்ற நேரம், மறுபடி ஓடிய நேரம், அப்போது ஸ்டெபிலைசரில் தெரிந்த வோல்ட். இது போதும்.

நின்றது எது என்பதையும் கவனிக்க வேண்டும். உள்ளே காற்று வருகிறது, குளிர்ச்சி மட்டும் இல்லை என்றால் வெளிப்பெட்டியில் கேஸை அழுத்தி ஓட்டுகிற கம்ப்ரசர் நின்றிருக்கிறது. விளக்குகூட எரியாமல் மொத்தமாக அணைந்தால் எம்.சி.பி.யை, அதாவது கரண்ட் அதிகமானால் தானாக விழுகிற சுவிட்சைப் பாருங்கள். விழுந்திருந்தால் ஒரு தடவை தூக்கிவிடலாம், மறுபடி விழுந்தால் தொடாதீர்கள். ரிமோட்டில் 26 வைத்து, அறை அந்த அளவுக்குக் குளிர்ந்ததும் கம்ப்ரசர் நிற்பது கோளாறே கிடையாது. அணைத்துப் போட்டதும் மூன்று நிமிடம் தாமதித்து ஓடுவதும் கம்ப்ரசரைக் காப்பாற்ற வைத்திருக்கிற ஏற்பாடுதான்.

உச்சி வெயிலில் நின்று, அரை மணியோ முக்கால் மணியோ கழித்துத் தானாக ஓடுகிறதா? அப்படியானால் வெளியே மாட்டியிருக்கும் பெட்டி, நாங்கள் அவுட்டோர் என்போம், மூச்சுவிட முடியாமல் தவிக்கிறது. அறையிலிருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுவதுதான் ஏசியின் வேலை. வெளியே 40 டிகிரி கொதிக்கும்போது, சூட்டை வெளியேற்றும் குழாயும் மெல்லிய தகடுகளும் சேர்ந்த காயிலில் தூசியும் அடைத்திருந்தால் சூடு போக வழியில்லை. குழாய்க்குள் சுற்றிவரும் கேஸின் அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், கடைசியில் அதிலிருக்கும் ஓவர்லோடு என்ற பாதுகாப்பு சுவிட்ச் கட் பண்ணிவிடும். ஆறினதும் தானே சேரும்.

பெருமாள்புரத்தில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் வீட்டில் ஒரே கோடையில் இரண்டு தடவை கேஸ் போட்டிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தால், மேற்குச் சுவரில் சன்ஷேடுக்குக் கீழே, திருட்டுக்குப் பயந்து இரும்புக் கூண்டு அடித்து, அதன்மேல் பழைய கோணியும் போர்த்தி வைத்திருந்தது அவுட்டோர். பின்பக்கம் காயில் கண்ணுக்கே தெரியவில்லை, சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி தூசி. போதாததற்கு, போட்ட கேஸ் அளவுக்கு மேல் இருந்தது. அதிகக் கேஸும் அழுத்தத்தை ஏற்றும். கோணியை எடுத்து, காயிலைக் கழுவி, கேஸை லேபிளில் உள்ள எடைக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் ரெண்டு மணிக்கு டீச்சரம்மாவே போன் பண்ணி, "ஓடிக்கிட்டு இருக்குப்பா" என்றார்கள். அந்த இரண்டு தடவைப் பணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

கழுவுவதை நீங்களே செய்யலாம், தரையிலோ மொட்டைமாடியிலோ நின்று கைக்கு எட்டினால் மட்டும். சன்ஷேடில் ஏறாதீர்கள். ரிமோட்டில் அணைத்தால் பத்தாது, எம்.சி.பி.யையும் கீழே இறக்குங்கள். பெட்டி ஆறட்டும். மெல்லிய பிரஷ்ஷால் தூசியை மேலிருந்து கீழாக இழுத்துவிட்டு, சாதாரண ஹோஸில் தண்ணீர் விடுங்கள். வண்டி கழுவும் பம்ப்பை வைத்து அடித்தால் தகடுகள் மடங்கி இன்னும் அடைத்துக்கொள்ளும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் கடைசியாக ஒரு வாளி ஆற்றுத்தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு படிந்தால் காயிலை அரித்துவிடும். உவரி, இடிந்தகரைப் பக்கம் கடற்காற்றிலேயே அது நடப்பதைப் பார்க்கிறேன்.

ஆனி, ஆடியில் வேறொரு தொல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று நம் ஊரில் எப்படி அடிக்கும் என்று தெரியும். அவுட்டோரின் விசிறி மேற்கே பார்த்திருந்தால், அது தள்ளும் சூட்டுக்காற்றை மேல்காற்று திரும்ப உள்ளேயே தள்ளும். புதிதாக மாட்டுகிறவர்கள் வடக்கோ கிழக்கோ பார்த்து மாட்டச் சொல்லுங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடமாவது வேண்டும்.

என் மச்சினன் கனடாவில் இருக்கிறான். அங்கே இதே இயந்திரத்தைத் திருப்பி ஓட்டி வீட்டைச் சூடாக்குகிறார்கள், ஹீட் பம்ப் என்று பெயர். குளிரில் அது அடிக்கடி நிற்கிறது என்று வீடியோ காலில் காட்டினான். அவ்வப்போது சில நிமிடம் தன் காயிலில் படிந்த உறைபனியை உருக்கிக்கொள்ளும், அது இயல்பு. ஆனால் அவன் பெட்டியைச் சுற்றிப் பனி குவிந்து காற்றுப் பாதையே அடைத்திருந்தது. அள்ளிப் போடச் சொன்னேன். அங்கே பனி, இங்கே புழுதி.

சரி, மத்தியானம் நன்றாக ஓடி ராத்திரி எட்டு மணிக்கு நின்றால்? ஊரே ஏசி போடும் நேரம் அது. ஸ்டெபிலைசரில் உள்ளே வரும் வோல்ட் 190க்குக் கீழே இறங்குகிறதா பாருங்கள். கிராமத்தில் லைன் முடிகிற வீடுகளில் இது சாதாரணம். ஒரு வாரக் கணக்கை எழுதி மின்வாரிய அலுவலகத்தில் மனுவோடு கொடுங்கள்.

நேரம் காலம் இல்லாமல், "ம்ம்ம்" என்று சில விநாடி முனகிவிட்டு நின்றால் பெரும்பாலும் கம்ப்ரசரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர் கெட்டிருக்கும். கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை அல்லாத பழைய ஏசியில்தான் இது வரும். 45 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருப்பது மீட்டரில் 36 காட்டினால் மாற்ற வேண்டியதுதான். கரண்ட்டை அணைத்த பிறகும் அதற்குள் மின்சாரம் நிற்கும், அதனால் மெக்கானிக் மட்டுமே தொடட்டும்.

உள்ளே செம்புக் குழாயில் ஐஸ் பிடித்திருந்தால் முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள். அப்புறமும் பிடித்தால் கேஸ் குறைந்திருக்கலாம். கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீராது. குறைந்தால் எங்கேயோ கசிகிறது. நட்டு மூட்டுகளில் சோப்புநுரை வைத்துக் கசிவைக் காட்டச் சொல்லுங்கள், அடைத்த பிறகு வாக்குவம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றை பம்ப்பால் உறிஞ்சி எடுத்து, தராசில் எடை பார்த்து நிரப்பச் சொல்லுங்கள். புது ஏசிகளில் வரும் ஆர் 32 என்ற கேஸ் தீப்பிடிக்கக் கூடியது, பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. மெக்கானிக் வந்ததும் நீங்கள் எழுதிய தாளை முதலில் அவர் கையில் கொடுங்கள், சிலிண்டரை அப்புறம் இறக்கட்டும்.