நாய்த் தீனிப் பையில் எதைப் பார்க்கணும்?

முன்பக்கக் கோழிப் படத்தை விடுங்கள். பின்பக்கப் பொடி எழுத்தில்தான் விஷயம். பொருட்கள் எடை வரிசையில் இருக்கும், அதுவும் வேகவைப்பதற்கு முந்தைய எடை. பச்சைக் கோழிக்கறியில் சுமார் 70% தண்ணீர் என்பதால், முதலில் நிற்கும் 'கோழி' காய்ந்தபின் கீழே இறங்கிவிடும். ஏற்கெனவே நீர் வற்றிய கோழித்தூள் அப்படிச் சுருங்காது. எந்தப் பிராணி என்றே சொல்லாத 'இறைச்சித்தூள்' வேண்டாம். மக்காச்சோளம், மக்காச்சோள மாவு, மக்காச்சோளப் புரதம் என்று ஒரே தானியம் மூன்று பெயரில் வந்தால் கூட்டிப் பாருங்கள், கறியை முந்திவிடலாம்.

பையில் புரதம் 24%, ஈரம் 10% என்றால், ஈரத்தை நீக்கிய புரத அளவைப் பார்க்க 24-ஐ 90-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்: சுமார் 26.7%. இந்தக் கணக்கில் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ஆஃப்கோ (AAFCO) சொல்லும் குறைந்தபட்சப் புரதம், வளர்ந்த நாய்க்கு 18%, குட்டிக்கு 22.5%. கன்னி இனமோ சிப்பிப்பாறை இனமோ, குட்டி என்றால் இதைப் பார்த்தே வாங்குங்கள்.

மூட்டையைப் பிரித்து லூசில் நிறுத்துத் தருவதில் லேபிளும் இல்லை, தேதியும் இல்லை. நெல்லை வெயிலுக்குக் கொழுப்பு சீக்கிரம் கெடும். சிக்கு வாடை அடித்தால் வாங்காதீர்கள்.