கதைப்போட்டிக்கு நடுவராகப் போகிறீர்களா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்க் கதைப்போட்டிக்குப் புதிதாக வரும் நடுவர்களைப் பார்த்தால் என் பழைய சிவப்புப் பேனாதான் ஞாபகம் வருகிறது. தெரிந்தவர் பிள்ளைக்கு மார்க் போடாதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுதுகிறவர் நடுவராக உட்காரும்போது தனக்குத் தானே வைத்துக்கொள்கிற நஷ்டங்கள் வேறு.

குறிப்பு எழுதாமல் மார்க் மட்டும் போடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. முதல் வருஷம் 24 கதைகள். பாதிக்குமேல் ஒரே கப்பல்: 1860 நவம்பர் 16, மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு முதல் கப்பலான ட்ரூரோ வந்து நிற்கும், பாட்டனார் கரும்புக்காட்டைப் பார்த்துக் கண்கலங்குவார். நான்காவது கப்பலிலேயே என் கண் வரிகளைத் தாண்டி ஓடியது. மார்க்கைக் குறைத்துத் தள்ளினேன். எங்கே சலித்தது என்று ஒரு சொல் குறிக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து நானே ஒரு கதை எழுதி மனைவியிடம் கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே நிமிர்ந்து, "இதிலுமா கப்பல்?" என்றாள்.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் பூசையை ஒரு மாணவி எழுதியிருந்தாள். எல்லாரும் போன பிறகு ஆயா அடிப்பிடித்த கூழை அகப்பையால் சுரண்டி, வராத மகனுக்கென்று காலி ஐஸ்க்ரீம் டப்பாவில் போட்டு மூடுகிறாள். மகன் ஏன் வரவில்லை என்று கடைசிவரை சொல்லவில்லை. ஆனாலும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. எந்த வரியில் அந்த மகனை உள்ளே கொண்டுவந்தாள்? அதே வித்தையை என் கதையில் மூன்று தடவை முயன்று தோற்றேன். தாள்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. என் கையில் மிஞ்சியது 50க்கு 31 என்ற எண்.

இப்போது பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. கண் வழுக்கிய இடத்துக்கு ஒரு கோடு, திரும்பப் படித்த இடத்துக்கு ஒரு புள்ளி, எதிரே அந்த வரி.

எழுத்துப்பிழையை எண்ணுவது

அந்தப் பெண் கூழை முழுக்கக் "கூல்" என்றே எழுதியிருந்தாள். வெட்டியது 10 மார்க். வீட்டில் ஆங்கிலம் பேசி, தமிழை வகுப்பில் மட்டும் படிக்கிற பிள்ளை. பரிசு பிழையில்லாத ஒரு கப்பலுக்குப் போனது.

ஒரே மூச்சில் படிப்பது

பதினைந்தாவது கதை பாவம்.

சக நடுவர் சொன்னதற்குத் தலையாட்டுவது

"நல்லா இருக்கு" என்பது காரணமாகாது. போன வருஷம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னோடு உட்கார்ந்தார். நான் ஒரு கதையை "இழுவை" என்றதும், "எந்த இடத்திலே தம்பி?" என்று கேட்டுவிட்டார். நோட்டைத் திறந்தேன். கோடு போட்ட வரியை இருவரும் படித்தோம். இழுவை கதையில் இல்லை. அன்று எனக்குத்தான் தூக்கம்.