நிஷி-கசாய்க்கு முதல் தடவை வர்றீங்களா, ராபிட் (Rapid) வண்டியில ஏறிடாதீங்க

டோக்கியோவுக்கு வேலை மாத்தி வர்ற நம்மாளுங்க நிறைய பேரு முதல்ல வீடு பாக்குறது எடோகவா வார்டுல இருக்கற நிஷி-கசாய் பக்கம்தான். 2000 வாக்குல ஐடி வேலைக்கு வந்தவங்க இங்க தங்க ஆரம்பிச்சாங்க, ஏன்னா டோசாய் லைன்ங்கற மெட்ரோ ரயில்ல ஏறினா நிஹோம்பாஷி, ஓட்டெமாச்சி ஆபீஸுக்கெல்லாம் மாறாம ஒரே வண்டியில போயிடலாம். இன்னைக்கு உளுந்து, இட்லி அரிசி, பெருங்காயம் எல்லாம் நடந்து போய் வாங்கற தூரத்துல கிடைக்குது. அதனால ஊர்லேருந்து மூட்டை கட்டிட்டு வராதீங்க. கறி கலந்த ஊறுகாயெல்லாம் வேண்டாம், இறைச்சி சேர்ந்த எதையும் ஏர்போர்ட்லயே எடுத்துடுவாங்க, கறிவேப்பிலையும் அப்படித்தான். மிக்ஸியும் வேண்டாம், இங்க கரண்ட் 100 வோல்ட், நம்ம 230 வோல்ட் மிக்ஸி சட்னி அரைக்காது.

பேப்பர் வேலை பெருசா ஒண்ணும் இல்ல. நரிட்டால எறங்கினதும் இமிக்ரேஷன்லயே ரெசிடென்ஸ் கார்டு கையில குடுத்துடுவாங்க, வீட்டுக்குக் குடிபோன 14 நாளுக்குள்ள வார்டு ஆபீஸ்ல போய் அட்ரஸ் பதியணும், கம்பெனி இன்ஷூரன்ஸ் இல்லாதவங்க அங்கயே ஹெல்த் இன்ஷூரன்ஸும் போட்டுக்கணும். க்யூல நின்னா ஒரு அரை நாள்ல முடிஞ்சிடும். இதைப் பத்தி பயப்படாதீங்க.

பயப்பட வேண்டிய விஷயம் வேற, அதை எனக்கு யாருமே சொல்லல. எங்க கம்பெனி குடுத்த நாலு பக்க வழிகாட்டி பேப்பர்ல குப்பையை எந்தக் கிழமை எப்படிப் பிரிச்சுப் போடணும்னு ஒரு பக்கம் முழுசா இருந்துச்சு, வீட்டுக்கு வர்ற வழிக்கு மட்டும் ஒரே வரி: "டோசாய் லைன் ஏறி நிஷி-கசாயில இறங்கவும்". இப்ப நினைச்சாலும் எனக்குக் கோவம் வருது.

நானும் என் வீட்டுக்காரியும் நாலு வயசுப் பொண்ணும் நாலு பெட்டியோட ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து எறங்கினோம். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வீட்டு ஏஜென்ட் ஆபீஸ்ல சாவி வாங்கணும். சிம் கார்டு வீட்டுக்குப் போய் நிதானமா வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன், ஏர்போர்ட் வைஃபைல மேப்பை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டேன். நரிட்டாலேருந்து நேரா நிஹோம்பாஷி வர்ற வண்டி இருக்கு, அது வரைக்கும் சுகமாத்தான் வந்தோம். அங்க பெட்டிங்களைத் தூக்கிட்டு டோசாய் லைன் பிளாட்ஃபாரத்துக்கு வந்தா எதிர்லயே ஒரு வண்டி நிக்குது, நீலப் பட்டை, டோசாய்தான், போற திசையும் சரி. ஏறிட்டோம்.

அது ராபிட் வண்டி, எல்லா ஸ்டேஷன்லயும் நிக்காத வேக வண்டி, ஜப்பான்காரங்க கைசோகுன்னு சொல்லுவாங்க. டோயோச்சோ வரைக்கும் எல்லா ஸ்டேஷன்லயும் நிக்குது, அதனால சந்தேகமே வராது. அதுக்கப்புறம் மினாமி-சுனாமாச்சி, நிஷி-கசாய், கசாய் மூணுலயும் நிக்காம நேரா உராயாசு போயிடுது. சுரங்கத்துலேருந்து வெளிய வந்து அரக்காவா ஆத்துப் பாலம் தாண்டினதும் வர்ற முதல் ஸ்டேஷன்தான் நிஷி-கசாய். பொண்ணு ஜன்னல்ல மூக்கை ஒட்டி வச்சு "அப்பா ஆறு, அப்பா ஆறு"ன்னு கத்துறா, நான் பெட்டிக் கைப்பிடியை இழுத்துட்டு எந்திரிச்சு நிக்கிறேன், பிளாட்ஃபாரம் அப்படியே பக்கத்துல ஓடுது, பேர்ப் பலகையைக் கூட படிச்சுட்டேன், வண்டி நிக்கல.

நம்மூர்ல தாம்பரம் போற ஃபாஸ்ட் வண்டியில கதவுகிட்ட நின்னு "ஏங்க, இது குரோம்பேட்டைல நிக்குமா"ன்னு ஒரு குரல் குடுத்தா நாலு பேரு பதில் சொல்லுவாங்க. இங்க வண்டி முழுக்க ஆளு, ஒரு சத்தம் இல்ல, கேக்கவே வாய் வரல. உராயாசுல எறங்கியிருந்தா கூட பொழைச்சிருப்போம், நாலு பெட்டியையும் புள்ளையையும் சேர்த்துப் பிடிக்கறதுக்குள்ள கதவு மூடிடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு ஸ்பீக்கர்ல "நிஷி"ன்னு காதுல விழுந்துச்சு, வண்டி ஏதோ சுத்தி வருதுன்னு நினைச்சு எறங்கிட்டோம். அது நிஷி-ஃபுனாபாஷி, லைனோட கடைசி ஸ்டேஷன். நிஷின்னா மேற்கு, அவ்வளவுதான் அர்த்தம், இந்த ஊர்ல அந்தப் பேர்ல எத்தனையோ ஸ்டேஷன் இருக்கு. வெளிய வந்து ஸ்க்ரீன்ஷாட்டை வச்சுக்கிட்டு இல்லாத தெருவை அரை மணி நேரம் தேடினோம். புரிஞ்சதும் ஓடிப் போய் திரும்ப ஏறின வண்டியும் ராபிட். அதே பிளாட்ஃபாரம் இந்தப் பக்கமா ஓடுது. என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசல.

டோயோச்சோல எறங்கி நின்னப்ப வெள்ளைக் கையுறை போட்ட ஸ்டேஷன்காரர் ஒருத்தர் அவரா வந்தாரு. இங்கிலீஷ் வரல. பாக்கெட் நோட்டுல நிஷி-கசாய்னு மூணு எழுத்து எழுதி, பக்கத்துல பெருசா 16னு போட்டு, அடுத்து வந்த ராபிட்ல ஏற வேண்டாம்னு கையால தடுத்துக் காட்டி, அதுக்கடுத்த லோக்கல்ல பெட்டியை அவரே ஏத்தி விட்டாரு. அந்தத் தாள் இன்னும் எங்க வீட்டு பிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு.

ஆபீஸ் வாசலுக்குப் போறப்ப மணி ஆறேகால், ஷட்டர் போட்டாச்சு. சரி காலைல வாங்கிக்கலாம்னு பாத்தா மறுநாள் புதன்கிழமை. இங்க வீட்டு ஏஜென்ட் ஆபீஸுங்க நிறைய புதன்கிழமை லீவு, சிலது செவ்வாயும் சேர்த்து. ஒரு ஸ்டேஷன் தவறினதுக்கு ரெண்டு ராத்திரி ஓட்டல், டாக்ஸி, சாப்பாடுன்னு நாப்பதாயிரம் யென் பக்கம் போச்சு, முதல் சம்பளம் வர்றதுக்கு முன்னாடி.

அன்னைக்கு ஸ்டேஷன் வாசல்ல பெட்டி மேல பொண்ணைப் படுக்க வச்சுட்டு நிக்கறப்ப பின்னாடிலேருந்து "டேய், ரோட்டுல எறங்காதடா"ன்னு ஒரு குரல் கேட்டுச்சு. சைக்கிள்ல முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு புள்ளைங்களை வச்சுட்டு ஒரு அக்கா. எங்களைப் பாத்ததும் "எந்த ஊரு"ன்னாங்க. அவங்க போன்லதான் ஓட்டல் புக் பண்ணினோம். மறுநாள் டப்பாவுல எலுமிச்சை சாதம் கொண்டு வந்து குடுத்தாங்க, என் வீட்டுக்காரி அப்பதான் அழுதா.

அதனால சொல்றேன். நிஷி-கசாய் ஸ்டேஷன் நம்பர் T-16, பேரை விட்டுட்டு நம்பரைப் பாருங்க. வண்டி முன்னாடி போர்டுல லோக்கல்னு இருந்தா மட்டும் ஏறுங்க, தெரியாம ராபிட்ல ஏறிட்டா டோயோச்சோலயே எறங்கி அடுத்த லோக்கலைப் பிடிங்க. மேப்ல 4.42னு காட்டினா 4.42 வண்டிதான், 4.38க்கு வந்தது வேற வண்டி, நம்மூர் மாதிரி முதல்ல வந்ததுல ஏறக்கூடாது. சிம் ஏர்போர்ட்லயே வாங்கிடுங்க, ஏஜென்ட் நம்பரைத் தாள்ல எழுதி வச்சுக்கங்க. பெரிய பெட்டிங்களை ஏர்போர்ட்ல டக்யூபின்ங்கற பார்சல் கவுன்டர்ல குடுத்துட்டா மறுநாளோ அதுக்கடுத்த நாளோ வீட்டு வாசலுக்கே வந்துடும், ஒரு பெட்டிக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் யென் ஆகும், கையில ரெண்டு நாள் துணியும் புள்ளைக்குப் பால் பவுடரும் மட்டும் இருந்தா போதும். டிக்கெட் போடறப்பவே செவ்வாய், புதனைத் தவிர்த்துட்டு வியாழக்கிழமை காலைல எறங்கற மாதிரி பாருங்க, ஏஜென்ட் லீவு என்னைக்குன்னு மெயில்ல கேட்டு பதில் வந்தப்புறம் போடுங்க.