புகை கறுத்தால் வோல்டேஜை ஏற்றாதீர்கள்

அனல்மின் நிலையத்தைக் கடக்கும்போது, இடுப்பு சிறுத்த பெரிய கோபுரத்திலிருந்து பொங்கும் வெண்மேகத்தைக் காட்டி "எவ்வளவு புகை பாருங்க" என்பார்கள். அது குளிர்விப்புக் கோபுரம். வருவது வெறும் ஈரக்காற்று. தூசு போவது பக்கத்தில் ஒல்லியாக நிற்கும் சிம்னி வழியாக. சரி, வெளியாட்கள்தான் ஏமாறுகிறார்களா? கண்ட்ரோல் ரூமிலும் இதே கதைதான்.

சிம்னிக்குப் போகும் வாயுவிலுள்ள தூசை மின்னூட்டித் தகடுகளில் ஒட்டவைத்துப் பிடிக்கும் கருவி ஈ.எஸ்.பி. புகை கறுத்ததும் அதன் வோல்டேஜை ஏற்றுவது அங்கே நடக்கும் பெரிய தவறு. நம் ஊர் நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம் வரை. கந்தகம் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழே. கந்தகம் குறைந்தால் சாம்பல் மின்சாரத்தைச் சுலபத்தில் கடத்தாது. தகட்டில் படிந்த தூசுப் படலத்துக்குள் மின்னூட்டம் தேங்கி, ஒரு கட்டத்தில் வெடித்துக் கிளம்பும். பிடித்த தூசு திரும்பவும் வாயுவில் கலக்கும். இந்த நிலையில் வோல்டேஜை ஏற்றினால் புகை இன்னும் கூடும். விட்டுவிட்டு மின்னூட்டுவது, வாயுவின் வெப்பத்தைக் குறைப்பது, கொஞ்சம் அம்மோனியாவோ கந்தக ட்ரை ஆக்சைடோ செலுத்துவது, இவைதான் வழி.

அடுத்தது ஹாப்பர், அதாவது தகடுகளிலிருந்து விழும் சாம்பல் சேரும் அடித்தொட்டி. சாம்பலை நேரத்துக்கு இறக்காவிட்டால் அது மின்முனை வரை ஏறி ஃபீல்டையே, அதாவது ஈ.எஸ்.பி.யின் அந்த மின்பகுதியையே, டிரிப் ஆக்கிவிடும். ஹீட்டர் வேலை செய்யாத ஹாப்பரில் சாம்பல் குளிர்ந்து இறுகும். அப்புறம் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். தகடுகளை ஓயாமல் ராப்பிங் செய்வதும், அதாவது தட்டித் தூசை உதிர்ப்பதும், தப்பு: படலம் கட்டியாக விழாமல் பொடியாகப் பறந்து சிம்னிக்கே போகும். வாயு வரும் டக்டில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து வாயுவின் வேகம் கூடும், தூசு பிடிபட நேரமிருக்காது.

பாய்லரை எண்ணெயில் பற்றவைக்கும்போது வரும் கரும்புகைக்குப் பயந்து ஈ.எஸ்.பி.யை உடனே போட்டுவிடுவார்கள். எரியாத எண்ணெய்க் கரி தகட்டில் ஒட்டிக்கொள்ளும், தீப்பிடிக்கவும் கூடும்.

2015 டிசம்பரில் வந்த மத்திய அரசு விதியில் தூசுக்கான வரம்பு, யூனிட்டின் வயதைப் பொறுத்து, கன மீட்டருக்கு 100, 50, 30 மில்லிகிராம். தூசு அளக்கும் கருவி அந்த வரம்புக்குள் காட்டினாலும் சிம்னி நீலமாகப் புகையலாம். கந்தக ட்ரை ஆக்சைடு அளவு மீறினால் அது அமிலத் துளியாகிவிடும், சாதாரண ஈ.எஸ்.பி.யில் அது சிக்காது. அமெரிக்காவில் ஒகாயோ மாநிலத்தின் கேவின் நிலையத்தில் 2001-இல் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கப் புதுக் கருவி பொருத்தினார்கள். அது கந்தக டை ஆக்சைடில் ஒரு பகுதியை ட்ரை ஆக்சைடாக்கியது. பக்கத்து செஷயர் கிராமத்தில் நீலப்புகை தரையிறங்கியது. மறு வருடம் நிலையத்தின் நிறுவனம் 2 கோடி டாலர் கொடுத்து அந்த ஊரையே வாங்க ஒப்புக்கொண்டது.