பேருந்தில் போய்ப் பறவை பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் இல்லாமலேயே தமிழ்நாட்டில் நிறைவாகப் பறவை பார்க்கலாம். பழவேற்காட்டுக்குப் பொன்னேரி வரை புறநகர் ரயில், அங்கிருந்து பேருந்து. கோடியக்கரைக்கு வேதாரண்யத்திலிருந்து வண்டி உண்டு. கோத்தகிரிக்கு மேட்டுப்பாளையத்தில் ஏறலாம், வால்பாறைக்குப் பொள்ளாச்சியில். ஆனால் ஒரு காலத்தில் நானும் நண்பர்களும் செய்த பிழைகளையே புதிதாகக் கிளம்புகிறவர்களும் செய்வதைக் குளிர்காலம் தோறும் பார்க்கிறேன். தொப்பி, தண்ணீர், பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடாதே என்பதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

அன்று காலை கிளம்பி அன்று காலையே போய்ச் சேரலாம் என்று நம்புவது

மற்ற தவறுகளையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். இது மட்டும் இன்றும் எரிச்சலூட்டுகிறது, ஏனென்றால் இதன் விலையைக் கொடுப்பது பறவை.

கிராமத்துப் பேருந்து யாருக்காக ஓடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஊரிலிருந்து பள்ளிக்கும் வேலைக்கும் சந்தைக்கும் காலையில் டவுனுக்குப் போய், மாலையில் வீடு திரும்புகிறவர்களுக்காக. அதனால்தான் பல தடங்களில் இரவின் கடைசி வண்டி டவுனுக்குத் திரும்பாமல் கடைசி ஊரிலேயே நின்றுவிடும். ஓட்டுநரும் நடத்துநரும் அங்கேயே படுத்துக்கொள்வார்கள். நைட் ஹால்ட் வண்டி என்பார்கள். விடியும் முன் அதுதான் முதல் வண்டியாக டவுனை நோக்கிக் கிளம்பும். நமக்கு வேண்டியது நேர் எதிர்த்திசை. டவுனிலிருந்து ஊருக்கு, அதே இருட்டு நேரத்தில். அந்தப் பக்கமாகப் போக அப்போது ஊரில் யாருக்கும் தேவையில்லை, ஆகவே பெரும்பாலும் வண்டியும் இல்லை. ‘முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்’ என்று பெருமையாகச் சொல்கிறவர் உப்பளத்தில் கால் வைக்கும்போது வெயில் ஏறியிருக்கும்.

ஏறினால் என்ன என்று கேட்கிறார்கள். கடலோரச் சதுப்பில் மரம் கிடையாது. சேறும் உப்பும் சூடாகத் தொடங்கியதும் தரையை ஒட்டிய காற்று அலைபாய ஆரம்பிக்கும். ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் கானல். நூறு மீட்டர் தள்ளி நிற்கும் பறவை நெளிகிறது, கால் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று தெரிவதில்லை. தொலைநோக்கியில் பெரிதாக்கினால் கானலும் சேர்ந்து பெரிதாகும், ஆகவே விலை கூடிய கருவியும் உதவாது. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்குக் கால்வளையம் மாட்டிவருகிறார்கள். அப்படி ஒரு வளையத்தின் எழுத்தைப் படித்துச் சொன்னால் அந்தப் பறவை வந்துபோகும் வழி பற்றி ஒரு தகவல் கூடும். காலைத் தெளிவில் படிக்க முடிகிற அந்த எழுத்து கானலில் வெறும் கறை.

தெரியவில்லை என்றால் மனிதர் என்ன செய்வார்? கிட்டப் போவார். இங்கேதான் கேடு தொடங்குகிறது.

போன பருவத்தில் வேதாரண்யம் பக்கத்து உப்பளத்தில் இதைப் பார்த்தேன். நல்ல கேமராக்களோடு சில இளைஞர்கள், ஆர்வத்துக்குக் குறைவில்லாதவர்கள், வெயில் ஏறிய பிறகு வண்டியிலிருந்து இறங்கினார்கள். ஒரு பாத்தியில் கொசு உள்ளான்கள் என்ற சிறு கரைப்பறவைகள் நிறைய மேய்ந்துகொண்டிருந்தன. கூடவே சில உப்புக்கொத்திகள். சாலையிலிருந்து பார்த்தார்கள், தெரியவில்லை. வரப்பில் இறங்கி நடந்தார்கள். கூட்டம் எழும்பி அடுத்த பாத்தியில் உட்கார்ந்தது. இவர்களும் அடுத்த வரப்புக்குப் போனார்கள். மறுபடி எழும்பியது. சற்றுத் தள்ளி நின்ற பூநாரைகளும் கழுத்தை நீட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிப் பிறகு பறந்துவிட்டன. அந்தப் பறக்கும் படம் கிடைத்ததில் அவர்களுக்கு மகிழ்ச்சி. அளத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர்தான் குரல் கொடுத்தார். “தம்பி, வரப்பு மேல ஏறாதீங்க. கரை ஒடஞ்சா எங்களுக்கு ஒரு நாள் வேலை போயிரும்.” மிதித்துக் கட்டிய சேற்றுக் கரை அது. ஓரம் சரிந்தால் ஒரு பாத்தியின் தண்ணீர் இன்னொன்றில் கலக்கும். பாத்திக்குப் பாத்தி உப்பின் அடர்த்தி வேறு என்பதால் அது அவருக்கு உண்மையான நட்டம்.

கொசு உள்ளானின் எடை இருபது முப்பது கிராம்தான். வடதுருவத்தை ஒட்டிய சமவெளியில் முட்டையிட்டு, குளிரைக் கழிக்க இவ்வளவு தூரம் வருகிறது. கிளம்பும் முன் அது தின்று சேர்க்கும் கொழுப்புதான் திரும்பும் வழிக்கான எரிபொருள். ஒவ்வொரு முறை நாம் கிளப்பிவிடும்போதும் மேயும் நேரம் போகிறது, சேர்த்த கொழுப்பும் கரைகிறது. அந்த இளைஞர்கள் கெட்டவர்கள் இல்லை. நேரத்தோடு வந்திருந்தால் சாலையோரத்தில் நின்றே எல்லாவற்றையும் பார்த்திருப்பார்கள். ஒரு இரவு லாட்ஜ் வாடகையை மிச்சப்படுத்தியதன் பலன் இது. பூநாரைகள் வானம் நிறையப் பறக்கும் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், யார் கிளப்பிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

செய்ய வேண்டியது எளிது. முந்தைய நாள் மாலையே வேதாரண்யம் போய்த் தங்குங்கள். கோடியக்கரையில் பூநாரை இல்லம் என்ற வனத்துறை விடுதி இருக்கிறது, முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டோக்காரரிடம் மாலையே பேசி, அவர் எண்ணை வாங்கிக்கொண்டு, ஐந்து மணிக்கு வரச் சொல்லுங்கள். போவதற்கு மட்டும் ஆட்டோ, திரும்புவதற்குப் பேருந்து. பயணம் முழுக்கப் பேருந்தில்தான் என்ற பிடிவாதத்தை இந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் தளர்த்தலாம். 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி அகலப்பாதை திறந்த பிறகு வேதாரண்யத்துக்கு ரயிலும் வருகிறது. மாலையில் வந்து சேர அதையும் பார்க்கலாம்.

எவ்வளவு முயன்றும் தாமதமாகிவிட்டால் உள்ளே இறங்காதீர்கள். கோடியக்கரையின் வறண்ட பசுமைமாறாக் காட்டோரம் நிழலில் உட்காருங்கள், வெளிமான்களைப் பாருங்கள். நான்கு மணிக்கு மேல் கானல் அடங்கும், வெளிச்சம் சாயும், பறவைகளும் மறுபடி சுறுசுறுப்பாகும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள்.

காரில் போனவரின் பட்டியலை வைத்துத் திட்டம் போடுவது

பறவைப் பட்டியல்களைப் பதியும் இபேர்ட் இணையதளத்தில் ஒருவர் ஒரே காலையில் நான்கு இடங்களில் பட்டியல் இட்டிருப்பார். அவர் காரில் போனவர். வரைபடத்தில் நான்கு புள்ளிகளும் நெருக்கமாகத் தெரியும், நடந்தால்தான் தூரம் புரியும். பேருந்தில் போகிறவருக்கு ஒரு காலைக்கு ஓர் இடம் போதும். அந்த ஓரிடத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால், காரில் போனவர் பார்க்காமல் விட்டதும் வந்து சேரும். கூட்டத்தைப் பருந்து கலைத்துவிட்டுப் போவதையும், கலைந்தவை திரும்பி வந்து எந்த வரிசையில் இறங்குகின்றன என்பதையும் உட்கார்ந்திருப்பவர்தான் பார்ப்பார்.

ஊரின் பெயரும் பறவை இருக்கும் இடமும் ஒன்றல்ல. பழவேற்காட்டில் பேருந்து கடைத்தெருவில் விடும். ஏரியோ சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. பூநாரைகள் எந்தக் கரையில் என்று மீனவர்களைக் கேட்டுவிட்டு நடங்கள்.

பழவேற்காட்டில் படகு பேசுவது

கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. ‘கொஞ்ச தூரம்தானே அண்ணே’ என்று மீனவரைக் கெஞ்சுகிறவர் அவருடைய பிழைப்பையும் சேர்த்து ஆபத்தில் வைக்கிறார்.

மழை விட்டதும் ஓடுவது

வெளிநாட்டுக் கையேடுகள், கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார் என்று சொல்லும். வேதாரண்யம் கரையில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டரைத் தாண்டாது. இங்கே தீர்மானிப்பது வடகிழக்குப் பருவமழை. நவம்பரில் அடைமழைக்குப் பிறகு சதுப்பு முழுக்க ஒரே தண்ணீர்ப் பரப்பாக இருக்கும். நீளக்கால் பூநாரைக்கு அது பரவாயில்லை. சிறிய உள்ளான்களுக்கு விரற்கடை ஆழம்தான் வேண்டும், அவை வேறு இடம் தேடிச் சிதறிவிடும். டிசம்பர் கடைசியிலிருந்து நீர் வற்ற வற்றச் சேறு தலைகாட்டும். வற்றும் விளிம்போடு பறவைகளும் நகரும். போன வாரம் எந்தப் பாத்தியில் தண்ணீர் இருந்தது என்று அளத்துக்காரரைக் கேட்பதுதான் நம் ஓத அட்டவணை.

மலையில் கடைசி வண்டியை நம்புவது

கடலோரத்தில் காலை பிந்தக் கூடாது. மலையில் கணக்கு வேறு. உயரமான சோலைகளில் குளிர் விலகவே நேரமாகும், பறவைகள் பத்து மணிக்கும் சுறுசுறுப்பாக இருக்கும். சிறு பறவைகள் பல இனமாகச் சேர்ந்து இரை தேடிப் போகும் கூட்டம் நடுக்காலையிலும் தலைக்கு மேல் கடந்துபோகும். ஆகவே வண்டி சற்றுத் தாமதமானாலும் பதறாதீர்கள். மலையில் பிந்தக் கூடாதது மாலை. மூடுபனி மூன்று மணிக்கே இறங்கலாம், ஆறு மணிக்கு இருட்டு. கோத்தகிரி, குன்னூர்த் தேயிலைக்குள் காட்டுமாடு நிற்கும், வால்பாறையில் யானை. வால்பாறையில் யானை நடமாட்டத்தை எச்சரிக்கும் சிவப்பு விளக்குகளே வைத்திருக்கிறார்கள். எரிந்தால் அந்தப் பக்கம் நடக்காதீர்கள்.

‘கடைசி வண்டி எத்தனை மணிக்கு?’ என்று கேட்டால் மட்டும் போதாது, ‘அதுக்கு முந்தின வண்டி?’ என்றும் கேளுங்கள். முந்தின வண்டியைத்தான் உங்கள் வண்டியாக வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி வண்டி பழுதானால் அன்று வேறு வண்டி இல்லை. இணையத்தில் இருக்கும் நேரத்தை நம்பாமல், நீங்கள் போன வண்டியின் நடத்துநரிடமே இறங்கும்போது கேட்டுவிடுங்கள்.

காட்டுக்கு நடுவில் இறங்குவது

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டைஊசி வளைவுகள். ஜன்னலில் ஒரு இருவாச்சிப் பறவை கண்ணில் பட்டதும் ‘இங்கேயே இறக்கிவிடுங்க’ என்று எழுந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆனைமலைப் புலிகள் காப்பகத்துச் சாலை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். அதைவிட, அடுத்த வண்டி வரும்வரை அங்கே தனியாக நிற்க வேண்டும். ஊர் வரை போங்கள். வால்பாறையைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களுக்கிடையே மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளின் ஓரத்துச் சாலையிலிருந்தே இருவாச்சியைப் பார்க்கலாம்.

பேருந்தில் போகிறவருக்கு நான் முதலில் சொல்லும் மலைக்காடு கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை. 2024 ஜனவரியில், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். நீலகிரிச் சிரிப்பானின் குரலைக் கேட்டு, அது புதருக்குள்ளிருந்து தானாக வெளிப்படும் வரை நிற்கப் பழகுவதற்கு இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியாது.

போனில் பறவைக் குரலை ஒலிக்கவிடுவது

வேண்டாம். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, செய்துகொண்டிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வருகிறது அது.

கடலும் மலையும் ஒரே வார இறுதியில்

முடியாது. ஒரு முழுப் பகல் பேருந்திலேயே போய்விடும்.

நாட்காட்டி பார்க்காமல் நாள் குறிப்பது

தை அமாவாசை நல்ல பறவைப் பருவத்தின் நடுவில் வருகிறது. அன்று வேதாரண்யத்திலும் கோடியக்கரையிலும் கடலில் நீராட ஊர் ஊராக மக்கள் வருவார்கள். வண்டியில் நிற்க இடம் கிடைக்காது, கரையிலும் அமைதி இருக்காது. அது அவர்களுடைய நாள், நாம் வேறு நாள் போகலாம். பொங்கல் விடுமுறையில் வெளியூர் வண்டிகள் நிரம்பி வழியும். அந்த நாட்களில் வீட்டுப் பக்கத்து ஏரியையோ கண்மாயையோ எண்ணிப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சேருங்கள்.

கேமரா முக்காலியைத் தலைக்கு மேல் பரணில் வைப்பது

மலை வளைவில் அது கீழே உட்கார்ந்திருப்பவர் தலையில் விழும். முன்பக்கம், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நிறுத்திக்கொள்ளலாமா என்று நடத்துநரிடம் கேளுங்கள். பைனாகுலர் கழுத்திலேயே இருக்கட்டும்.