பல்கலைக்கழகப் பணம் எங்கே இருக்கிறது? டைவெஸ்ட்மென்ட் செய்தியை நீங்களே சரிபார்க்க ஒரு வழி

2024 ஏப்ரல் 17 விடிகாலையில், காஸாவில் இஸ்ரேல் நடத்திய போரை எதிர்த்து, நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகப் புல்வெளியில் மாணவர்கள் கூடாரம் அடித்தார்கள். மறுநாளே போலீஸ் உள்ளே வந்து நூறு பேருக்கு மேல் கைது செய்தது. அடுத்த சில வாரங்களில் அமெரிக்காவின் பல வளாகங்களில் அதே மாதிரி கூடாரங்கள். எல்லா இடத்திலும் கேட்ட கோஷம் இரண்டு சொற்களில் தொடங்கியது: "டிஸ்க்ளோஸ், டைவெஸ்ட்". முதலில் கணக்கைக் காட்டு, அப்புறம் இஸ்ரேலோடு தொடர்புள்ள நிறுவனங்களிலிருந்து முதலீட்டை விலக்கு.

டிவி விவாதங்களில் இரண்டாவது சொல்லைப் பற்றித்தான் அடித்துக்கொண்டார்கள். எனக்கு முதல் சொல்தான் முக்கியமாகப் படுகிறது. பணம் எதில் கிடக்கிறது என்றே தெரியாமல் "விற்றுவிடு" என்பதும் "விற்க மாட்டேன்" என்பதும் காற்றில் கம்பு சுற்றுகிற வேலை.

போராட்டம் நடத்துவது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. இப்படி ஒரு செய்தி வந்தால், அரை மணி நேரம் ஒதுக்கி, கம்ப்யூட்டரில் நாமே தோண்டிப் பார்ப்பது எப்படி என்பதுதான் விஷயம். கணக்குப் படிப்பு தேவையில்லை. பொறுமை தேவை.

படி 1: எந்தப் பணம் என்று முடிவு செய்யுங்கள்

செய்தியில் "எண்டோமென்ட்" என்று வரும். நம் கோயில்களில் ஒருவர் கட்டளை எழுதி வைப்பாரே, முதலைத் தொடாமல் வருமானத்தில் மட்டும் அன்னதானம் நடக்குமே, ஏறத்தாழ அதுதான். நன்கொடையாளர்கள் கொடுத்ததை முதலீடு செய்து, அதன் வருமானத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் உதவித்தொகைக்கும் சம்பளத்துக்கும் எடுப்பார்கள். 2024-ல் ஹார்வர்டின் எண்டோமென்ட் 5,300 கோடி டாலருக்குச் சற்று மேல். மாணவர் கட்டும் ஃபீஸ் வேறு, ஊழியர் ஓய்வூதிய நிதி வேறு. இவற்றைப் போட்டுக் குழப்பிய செய்திகள் நிறைய வருகின்றன.

படி 2: கோரிக்கைப் பட்டியலைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

ஒரே "டைவெஸ்ட்" என்ற சொல்லுக்குள் பத்து கோடி டாலரும் அடங்கும், பல்லாயிரம் கோடியும் அடங்கும். நல்ல உதாரணம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். 2024 மே மாதக் கூட்டத்தில் அதன் முதலீட்டுத் தலைவர் ஜக்தீப் சிங் பச்சர் ஒரு கணக்கு வைத்தார். மொத்தம் 17,500 கோடி டாலர் சொத்து. கோரிக்கையை அப்படியே ஏற்றால் அதில் 3,200 கோடியை விற்க வேண்டி வரும் என்றார். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு.

அதைப் பிரித்துப் பார்த்தால்தான் சங்கதி புரியும். ஆயுதத் தயாரிப்பாளர்களோடு தொடர்புள்ள முதலீடு 330 கோடி. அமெரிக்க அரசுப் பத்திரங்கள் 1,200 கோடி. பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்தில் 860 கோடி. அரசுப் பத்திரம் ஏன் பட்டியலில் வந்தது? அமெரிக்க அரசு இஸ்ரேலுக்கு ராணுவ உதவி தருகிறது, அந்த அரசுக்குக் கடன் கொடுப்பதும் உடந்தைதான் என்ற வாதத்தால். ஆக, ஆயுத நிறுவனங்களை மட்டும் கேட்டிருந்தால் எண் பத்தில் ஒன்றாகச் சுருங்கியிருக்கும். நிர்வாகம் பெரிய எண்ணைச் சொல்லும்போது அதற்கும் ஒரு நோக்கம் இருக்கலாம், அதையும் மனதில் வையுங்கள்.

எந்த நிறுவனம் எந்த அளவுகோலில் பட்டியலுக்குள் வந்தது என்றும் பாருங்கள். கேட்டர்பில்லர் ஏன் என்று பலர் கேட்கிறார்கள். இஸ்ரேல் ராணுவம் பயன்படுத்தும் டி9 புல்டோசர் அவர்களுடையது. சிலர் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் பட்டியலை அளவுகோலாக எடுக்கிறார்கள். பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் உள்ள இஸ்ரேலியக் குடியிருப்புகளோடு தொழில் செய்யும் நிறுவனங்கள் அதில் உண்டு. 2020 பிப்ரவரியில் முதலில் வெளியானபோது 112 பெயர்கள்.

படி 3: முதலீட்டுப் பட்டியலைத் திறந்து பாருங்கள்

இதுதான் கை வைத்துச் செய்ய வேண்டிய இடம். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் நடத்தும் எட்கர் என்ற இணையதளம் இலவசம், கணக்கு தொடங்கவும் வேண்டாம். 10 கோடி டாலருக்கு மேல் அமெரிக்கச் சந்தைப் பங்குகளை நிர்வகிக்கும் நிறுவனங்கள், காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் கையில் உள்ளதைப் பட்டியலிட்டுத் தர வேண்டும். அந்தப் படிவத்தின் பெயர் 13எஃப்.

தேடும் பெட்டியில் ஹார்வர்ட் மேனேஜ்மென்ட் கம்பெனி என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைத் தட்டினால் பல சமயம் கிடைக்காது. முதலீட்டைக் கவனிக்க அவர்கள் வைத்திருக்கும் தனி நிறுவனத்தின் பெயர்தான் வேண்டும். வரும் பட்டியலில் 13எஃப்-எச்ஆர் என்பதைத் திறந்தால் உள்ளே இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்று முகப்புத் தாள், அதை விடுங்கள். இன்னொன்று தகவல் அட்டவணை. நிறுவனத்தின் பெயர், பங்கின் வகை, ஒன்பது எழுத்துக் குறியீடு, மதிப்பு, எத்தனை பங்கு என்று வரிசையாக இருக்கும்.

இங்கே நான் விழுந்த பள்ளத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய பட்டியலைப் பார்த்து, "இந்த நிறுவனத்தில் வெறும் நாலாயிரம் டாலர்தான் போட்டிருக்கிறார்கள், இதற்கா இத்தனை கலாட்டா" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரிய மனுஷன் மாதிரி எழுதினேன். அக்கா மகன் அந்த அட்டவணையின் தலைப்பை மட்டும் பெரிதாக்கி அனுப்பினான். மதிப்பு என்ற சொல்லுக்குக் கீழே பொடி எழுத்தில், ஆயிரம் டாலர்களில் என்று இருந்தது. அதாவது நாற்பது லட்சம். 2023 ஜனவரிக்கு முன்பு தாக்கலானவை ஆயிரத்தில். அதற்குப் பிறகு வந்தவை முழு டாலரில். தேதியைப் பார்க்காமல் எண்ணைப் படிக்காதீர்கள்.

அட்டவணையின் கடைசிவரை கூட்டிப் பாருங்கள். ஹார்வர்டுக்கு ஓரிரு நூறு கோடி டாலர்தான் வரும். மீதி ஐயாயிரம் கோடி எங்கே? தனியார் பங்கு நிதி (சந்தைக்கு வராத நிறுவனங்களில் போடும் பணம்), ஹெட்ஜ் ஃபண்ட் (பெரிய முதலீட்டாளர்களுக்கான தனியார் நிதி), நிலம், கடன் பத்திரம், வெளிநாட்டுச் சந்தை. இவை எதுவும் 13எஃப் படிவத்தில் வராது. வெளி மேலாளர்களிடம் கொடுத்த பணம் அவர்கள் பெயரில் கிடக்கும். "கணக்கைக் காட்டு" என்று மாணவர்கள் கத்துவதற்கு இதுதான் காரணம்.

ஐஷேர்ஸ் மாதிரி பெயர்கள் வந்தால் அவை குறியீட்டு நிதிகள், அதாவது ஒரு சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை மொத்தமாக வாங்கி வைக்கும் நிதிகள். அந்த நிதியின் தளத்துக்குப் போனால் உள்ளே என்னென்ன பங்கு என்ற பட்டியல் தனியாக இருக்கும். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் அடங்கிய எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் நிதி வைத்திருக்கும் எவரிடமும் ஆயுத நிறுவனமான லாக்ஹீட் மார்ட்டினும் கேட்டர்பில்லரும் கொஞ்சம் இருக்கும். அமெரிக்காவில் வேலை பார்க்கும் உங்கள் தம்பியின் ஓய்வூதியக் கணக்கிலும் இருக்கலாம்.

படி 4: முடிவெடுப்பது யார்?

மாணவர் வாக்கெடுப்பில் ஜெயித்தாலே எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பிரவுன் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பாருங்கள். 2024 ஏப்ரல் 30 அன்று அங்கே மாணவர்கள் தாங்களாகவே கூடாரத்தைப் பிரித்தார்கள். பதிலுக்கு, அக்டோபரில் கார்ப்பரேஷன் எனப்படும் ஆட்சிக் குழு இந்தக் கோரிக்கையை வாக்கெடுப்புக்கு எடுக்கும் என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. கோரிக்கையில் இருந்தவை போயிங், நார்த்ராப் கிரம்மன், ஏர்பஸ், வால்வோ குழுமம் உட்பட 10 நிறுவனங்கள். அதில் ஒன்றான டெக்ஸ்ட்ரானின் தலைமையகம் பிரவுன் இருக்கும் பிராவிடன்ஸ் ஊரிலேயே இருக்கிறது.

இடையில் ஓர் ஆலோசனைக் குழு உட்கார்ந்து விலக்கலுக்கு எதிராக 8, ஆதரவாக 2 என்று வாக்களித்தது, ஒருவர் எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை. வாக்கெடுப்பு நடத்துவதே தவறு என்று ஓர் அறங்காவலர் செப்டம்பரில் பதவியை விட்டார். அக்டோபரில் கார்ப்பரேஷன் மறுத்துவிட்டது. சொன்ன காரணம்தான் கவனிக்க வேண்டியது: இந்த 10 நிறுவனங்களிலும் எங்களுக்கு நேரடி முதலீடே இல்லை, மறைமுகமாக இருப்பதும் மிகச் சொற்பம். அதாவது, படி 3-ல் நாம் முட்டி நின்ற அதே சுவர். இதை நேர்மையான பதில் என்றும் சொல்லலாம், நழுவல் என்றும் சொல்லலாம். "அவ்வளவு சொற்பம் என்றால் விற்பதில் என்ன கஷ்டம்" என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

சட்டத்தையும் ஒரு பார்வை பாருங்கள். இஸ்ரேல் புறக்கணிப்புக்கு எதிரான சட்டமோ ஆணையோ 30-க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களில் உண்டு.

படி 5: இரு தரப்பையும் அவரவர் சொல்லிலேயே கேளுங்கள்

2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், சுமார் 250 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். கூடாரங்கள் முளைத்த 2024 ஏப்ரலில் காஸாவில் இறந்தோர் எண்ணிக்கை 34,000-ஐத் தாண்டியிருந்தது என்றது அங்குள்ள சுகாதார அமைச்சகம். ஆதரவாளர்கள் 2005-ல் பாலஸ்தீன அமைப்புகள் விடுத்த புறக்கணிப்பு அழைப்பையும், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து முதலீடு விலக்கப்பட்ட உதாரணத்தையும் காட்டுவார்கள். எதிர்ப்பவர்கள், உலகில் இத்தனை போர் இருக்க யூத நாட்டை மட்டும் குறி வைப்பது ஏன் என்பார்கள். சில கோஷங்கள் யூத மாணவர்களை அச்சுறுத்துகின்றன என்பார்கள். போராடியவர்களில் யூத மாணவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

தென்னாப்பிரிக்க ஒப்பீடு வந்தால் ஒன்றைச் சரிபாருங்கள். 1977-ல் ஹாம்ப்ஷயர் கல்லூரி, 1985-ல் கொலம்பியா, 1986-ல் கலிஃபோர்னியா என்று வரிசையாக விலகினார்கள். அன்று பல்கலைக்கழகங்கள் பங்குகளைத் தங்கள் பெயரிலேயே வைத்திருந்தது அதிகம், விற்பது சுலபம். அந்த விலக்கல் பங்கு விலைகளைப் பெரிதாக அசைக்கவில்லை என்று 1999-ல் ஓர் ஆய்வு வந்தது. அரசியல் அழுத்தம் வேறு கதை: 1986-ல் ரீகனின் வீட்டோவையும் மீறி அமெரிக்கக் காங்கிரஸ் தென்னாப்பிரிக்கா மீது பொருளாதாரத் தடைச் சட்டம் கொண்டுவந்தது.

படி 6: "வெற்றி" என்ற தலைப்பைப் பிரித்துப் படியுங்கள்

2024 மே மாதம் டப்ளினின் டிரினிட்டி கல்லூரியில் ஐந்து நாள் கூடாரப் போராட்டம். அங்கே உள்ள கெல்ஸ் சுவடி என்ற பழங்காலக் கையெழுத்து நூலைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளின் வழி அடைபட்டது. முந்தைய போராட்டங்களால் வருமானம் போனதற்காக மாணவர் சங்கத்துக்கு இரண்டு லட்சம் யூரோவுக்கு மேல் அபராதம் போட்டிருந்த அதே கல்லூரி, ஐ.நா. பட்டியலில் உள்ள இஸ்ரேலிய நிறுவனங்களிலிருந்து விலக ஒப்புக்கொண்டது. "இஸ்ரேலிலிருந்து முழுதாக விலகல்" என்று சில தலைப்புகள் ஓடின. அப்போது ஒப்புக்கொண்டது அது அல்ல; எல்லா இஸ்ரேலிய நிறுவனங்களையும் தொடும் முடிவு 2025 ஜூனில்தான் வந்தது. அறிக்கையில் எந்த நிறுவனங்கள், எந்தத் தேதிக்குள், மறைமுக முதலீடும் சேர்த்தா என்று மூன்றையும் தேடுங்கள்.

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு வார்த்தை. பொதுவில் உள்ள பட்டியலைப் படிப்பதற்கு யாரும் எதுவும் சொல்ல முடியாது. கூடாரத்தில் உட்காருவது வேறு கணக்கு: 300-க்கும் மேற்பட்ட விசாக்கள் ரத்தாகியிருக்கலாம் என்று 2025 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மார்க்கோ ரூபியோவே சொன்னார். முடிவு அவர்களுடையது, விவரம் தெரிந்து எடுக்கட்டும்.

பழகிப் பார்க்க நினைத்தால் நாள் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் காலாண்டுப் பட்டியல் பிப்ரவரி 14 வாக்கில் வரும், மார்ச் காலாண்டுடையது மே 15 வாக்கில், அப்புறம் ஆகஸ்ட் 14, நவம்பர் 14. கெடு நாள் சனி, ஞாயிறில் விழுந்தால் அடுத்த வேலை நாளில் பாருங்கள்.