சிங்கப்பூரில் மனச்சோர்வு விகிதத்தை இனவாரியாகக் கணக்கிடுவது எப்படி?

2010 கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர் சுமார் 74%, மலாய்க்காரர் 13%, இந்தியர் 9%. பொதுவாக 1,000 பேரைக் குலுக்கி எடுத்தால் இந்தியர் 90 பேர்தான் தேறுவார்கள். அது போதாது, ஒவ்வோர் இனத்துக்கும் தனி மாதிரி எடுங்கள்.

விகிதம் 10%, பிழை வரம்பு ±3% என்று வைத்தால் ஓர் இனத்துக்கு 385 பேர். ஆட்களைக் கொத்துக் கொத்தாக எடுத்தால் துல்லியம் குறையும், அதை ஈடுகட்ட 1.5 ஆல் பெருக்கினால் 578. 80% பேர்தான் பதில் சொல்வார்கள் என்றால் 723 பேரை அணுக வேண்டும். மூன்று இனத்தையும் சம அளவில் எடுத்துவிட்டு நாட்டு விகிதம் சொல்லும்போது மக்கள்தொகையில் ஒவ்வோர் இனத்தின் பங்குக்கு ஏற்ப எடை போட மறக்காதீர்கள்: சீனருக்கு சுமார் 2.2, இந்தியருக்கு 0.27.

பெரிய பொறி வேறிடத்தில் இருக்கிறது. மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்கியூ-9 வினாத்தாளில் 10 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ எடுத்தவரெல்லாம் நோயாளி அல்ல. நோயுள்ளவரைப் பிடிக்கும் திறன், இல்லாதவரை விலக்கும் திறன் இரண்டும் 88% என்று கொள்வோம். 100 பேரில் 16 பேர் அப்படிச் சிக்கினால், உண்மை விகிதம்:

(0.16 + 0.88 − 1) ÷ (0.88 + 0.88 − 1) = 0.053

அதாவது 5.3% மட்டுமே, சிக்கிய 16 பேரில் சுமார் 11 பேர் தவறாகச் சிக்கியவர்கள். திருத்தாத எண் ஒரு சமூகத்தின் மேல் முத்திரையாக விழுந்துவிடும்.

அந்த 88% எல்லா மொழிக்கும் பொருந்தாது. தமிழில் “நெஞ்சு பாரமா இருக்கு” என்பவர் சோர்வைச் சொல்கிறாரா, இதயநோயையா? ஒவ்வொரு மொழியிலும் ஒரு பகுதியினரை மனநல மருத்துவர் நேரில் சோதித்து, அந்த மொழிக்குரிய திறனைக் கண்டுபிடித்த பிறகே ஒப்பிடுங்கள்.